தமிழ்ப் பூசை நோட்டு

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மூன்று பூசை. ஆறு மணிக்குத் தமிழ், ஏழரைக்குக் கன்னடம், ஒன்பது மணிக்கு இங்கிலீஷ். ஒரே பீடம், ஒரே சாமியார், பெஞ்சுகளும் அவையேதான். ஆனால் ஆறு மணிக்கு வருகிறவரை ஒன்பது மணிக்குப் பார்க்க முடியாது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நான் வளர்ந்த காலத்தில் புதிதாக ஒரு வேதக்காரக் குடும்பம் குடிவந்தால், "எத்தனை மணிப் பூசை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் கிடைத்துவிட்டால் அவர்கள் வீட்டில் என்ன பேசுவார்கள், எங்கே வேலை பார்ப்பார்கள், என்ன குழம்பு வைப்பார்கள் என்பதுவரை ஊகித்துவிடலாம். எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார்கள் என்பதையும் ஊகிக்கலாம் என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு மூன்று நீள நோட்டுகளைக் கையில் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோடு போட்டு, ஓரம் விட்டு எழுதுவேன். அதைத் தவிர அந்த வேலைக்கு எனக்கு வேறு தகுதி இல்லை. பக்தியும் கொஞ்சம் கம்மிதான்.

நடக்க முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களுக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அவர்கள் பெயர்களுக்குத்தான் அந்த நோட்டுகள். எந்தப் பூசைக்கு வந்துகொண்டிருந்தார்களோ அந்த நோட்டில் பெயர். மாதத்தின் முதல் வெள்ளி தமிழ் நோட்டு வீடுகளுக்கு, இரண்டாம் வெள்ளி கன்னட வீடுகளுக்கு, மூன்றாம் வெள்ளி இங்கிலீஷ் வீடுகளுக்கு. பெயர், வயது, தெரு, என்ன சீக்கு என்று எழுத வேண்டும். ஆள் இறந்துபோனால் பெயருக்கு இடப்புறம் சிவப்பு மையில் ஒரு சின்னச் சிலுவை போட வேண்டும். சிலுவைக்கென்றே ஒரு அங்குலம் ஓரம் விட்டுக் கோடு போட்டேன். என் ஏற்பாடுதான் அது. அன்றைக்கு எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

தமிழ் வீடுகளுக்குச் சாமியாரோடு ஒரு சிஸ்டர் போவார். திண்டுக்கல் பக்கத்துக்காரர், நர்ஸ் படிப்பு படித்தவர். நற்கருணைப் பேழை சாமியாரிடம் இருக்கும். சிஸ்டர் தோளில் ஒரு துணிப்பை. அதில் பிரஷர் பார்க்கும் கருவி, பஞ்சு, மருந்து, ஒரு சின்னக் கத்தரிக்கோல். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் சிஸ்டர் தரையில் உட்கார்ந்து நோயாளியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பிரித்துப் பார்ப்பார். மற்ற இரண்டு வெள்ளிகளிலும் அவர் போவதில்லை. இங்கிலீஷ் பூசைக்காரர்களுக்கு அவரவர் டாக்டர் இருந்தார். கன்னட வீடுகள் கொஞ்சம்தான், அவற்றுக்கு உபதேசியார் போனார். சிஸ்டர் முதல் வெள்ளி மட்டும்தான் வருவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாதல்லவா.

வித்தியாசம் முதலில் என் கைக்குத்தான் தெரிந்தது. தமிழ் நோட்டு அடிக்கடி தீர்ந்துபோனது. கடைக்குப் போய்ப் புது நோட்டு வாங்கி, அட்டை போட்டு, கோடு போட்டேன். அதுவும் தீர்ந்தது. இங்கிலீஷ் நோட்டோ முதல் ஐந்தாறு பக்கங்களைத் தாண்டவே இல்லை. அதில் இருந்த கிழவிகள் எல்லோரும் எழுபத்தைந்து எண்பதைக் கடந்த பிறகு, ரயில்வே பென்ஷனும் கைத்தடியுமாக, முழங்கால் வலி என்று பெயர் கொடுத்தவர்கள். அதே முழங்கால் வலியோடு வருஷக்கணக்கில் இருந்தார்கள். கன்னட நோட்டில் எழுபது வயதுக்காரர்கள். தமிழ் நோட்டில் வயதுப் பத்தியை எழுதும்போது என் பேனா தயங்கும். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. சித்தாள் வேலைக்குப் போன பெண், மூட்டை தூக்கியவர், பீன்யா பேக்டரியில் மிஷின் முன்னால் நின்றவர். காலில்லை, கண்ணில்லை, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அடுத்த முதல் வெள்ளிக்கோ, அதற்கடுத்த முதல் வெள்ளிக்கோ சிவப்பு மை.

சிஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன். இது என்ன, வியாதிக்குக்கூடத் தமிழ் தெரியுமா என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். அவர் பஞ்சு சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"சுகருக்கு பாஷை தெரியாது டீச்சர். மத்தவங்க வலி வந்தா கூப்பிடுறாங்க. நம்ம ஆளுங்க வலி போனப்புறம் கூப்பிடுறாங்க."

வலி போவது நல்லதுதானே என்று கேட்டேன். இல்லை என்றார். காலில் வலி போவதுதான் முதல் அபாயம். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இதையே சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். செருப்பு கழன்றது தெரியாமல் யாராவது நடந்தால் மறுநாளே என்னிடம் கூட்டி வாருங்கள், புண் வரும்வரை காத்திருக்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் வரமாட்டார்கள்.

வராததற்குக் காரணம் நான் வைத்திருந்த நோட்டு. பெயர் நோட்டில் ஏறினால் ஆள் ஒரு வருஷம் தாண்டமாட்டார் என்று எங்கள் தெருக்களில் பேச்சு. சிஸ்டர் காலைப் பார்த்தால் நடக்காதே என்பார், நடக்காவிட்டால் பூசைக்கு வர முடியாது, வராவிட்டால் பெயர் நோட்டில் ஏறும். ஆகவே உயிர் தொண்டைக்கு வரும்வரை மறைத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டாவது ஆறு மணிப் பூசைக்கு வந்து நின்றார்கள். இனி முடியாது என்றான பிறகு பெயர் கொடுத்தார்கள். கொடுத்ததும் செத்தார்கள். நோட்டுக்கு இருந்த கெட்ட பெயர் இன்னும் கெட்டது. இந்தச் சுழலை ஒரு கணக்கு டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதற்குள் நானே போய் விழுந்தேன்.

என்னைப் பார்த்தால் தெருவில் பேச்சு நிற்கும். சித்திரகுப்தன் வீட்டு டீச்சர் என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். மாதா கோயில் ஜனங்களுக்குச் சித்திரகுப்தன் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தேவைப்படும்போது எல்லாச் சாமியும் தெரியும். ஒரு வீட்டில் நான் சும்மா தண்ணீர் குடிக்க நுழைந்தபோது, கட்டிலில் படுத்திருந்த மனிதர் அவசரமாக எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

என் அப்பா மட்டும்தான் இதை வைத்துக் கேலி செய்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீடு திரும்பியதும், "என்னம்மா, இந்த மாசம் யாருக்கு டிக்கெட் குடுத்த?" என்று கேட்பார். அவர் பீன்யாவில் ஒரு பேக்டரியில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். இருபத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை. விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மிஷின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அந்தப் பக்கம் அம்மா திட்டினால் நிம்மதி என்பார். கம்பெனியில் ஆள் குறைத்தபோது ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தார். சுகர் இருப்பதை அதற்கு முன்பே கம்பெனி டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வார்.

இங்கே ஒரு தையற்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரித் தண்ணீர் விஷயமாக ஊரில் கலவரம் வந்ததே, அப்போது தமிழில் எழுதிய கடைப் பலகைகளைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் கன்னடத்தில் பேசினோம், அல்லது வாயை மூடிக்கொண்டோம். இடுப்பு முறிந்து தமிழ் நோட்டில் இருந்த அந்தத் தையற்காரரின் மகன் என்னிடம் வந்தார். வீட்டுக்கு வந்து தமிழில் ஜெபம் சொன்னால் தெருவுக்குக் கேட்கிறது, அப்பா பெயரைக் கன்னட நோட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினேன். கிழவர் அடுத்த ஈஸ்டரைப் பார்க்கமாட்டார் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அவரோ எழுந்து உட்கார்ந்தார், பிறகு வாசல்வரை நடந்தார், பேரன் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டார். தமிழ் நோட்டில் அவருக்கு மேலும் கீழும் இருந்த பெயர்கள் எல்லாவற்றுக்கும் நான் சிலுவை போட்டு முடித்திருந்தேன்.

தற்செயல்தான். எத்தனை பேரில் ஒருவர் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது பள்ளிக்கூடம் போனதில்லை. அது அந்தத் தையற்காரரைப் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது.

அப்பாவின் செருப்பு கழன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து இறைச்சி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பத்தடி பின்னால் வந்தேன். தெருவைத் தோண்டிப்போட்டுச் சல்லி கொட்டியிருந்தார்கள். என் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் அப்பாவின் வலது செருப்பு. அவர் பையை வீசிக்கொண்டு வெறுங்காலோடு சல்லிமேல் நடந்து போய்க்கொண்டிருந்தார். யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டு வேறு.

"அப்பா, செருப்பு" என்றேன்.

நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்தார். யார் காலோ என்பதைப்போல வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, அதற்கு நடக்க இஷ்டமில்லை போலிருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிஸ்டரிடம் போகலாம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறேன், அது போதும் என்றார். நான் விடவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னார்.

"சிஸ்டர் பார்த்தா நோட்டு. நான் ஆறு மணிப் பூசைல நின்னுகிட்டேதான் சாவேன், பாப்பா. என் பேரை உன் கையால அந்தத் தமிழ் நோட்டுல எழுதாத. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். அவர் கேட்ட ஒரே விஷயம் அது. மறுக்க எனக்குத் தைரியமில்லை.

அதற்கடுத்த மாதங்களில் அப்பா வீட்டுக்குள் சாக்ஸ் போட ஆரம்பித்தார். பெங்களூர்ச் சிமெண்டுத் தரை டிசம்பரில் சில்லிடும், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பிப்ரவரியிலும் போட்டார். மார்ச்சில் வெயில் ஏறிய பிறகும் போட்டார். கேட்டால், "ஸ்வல்ப குளுருதும்மா" என்பார். அம்மா நான் பள்ளிக்கூடம் போன பிறகு துணி துவைத்தார். சாக்ஸை மட்டும் கொல்லையில் தனியாகக் காயப்போட்டார். நான் வந்ததும் இருவரும் பேச்சை மாற்றினார்கள். ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் செய்ததை என் வீட்டிலும் செய்தார்கள்.

புண் இருந்தது எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பார்த்ததில்லை என்பது உண்மை. ஆனால் அந்த அறையில் ஒரு வாடை இருந்தது. ஊதுபத்தியையும் மீறி வந்தது. சாக்கடை என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே சாக்கடையும் இருந்தது, அது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஏப்ரலில் இரண்டு ஞாயிறு அப்பா பூசைக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பிடிவாதமாகக் கிளம்பி, கோயில் படியில் இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்கு பேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். பங்கில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அன்று மாலை சாமியார் என்னிடம், அப்பா பெயரை எழுதிவிடும்மா என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோயில் அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்தேன். மூன்று நோட்டும் மேஜைமேல் இருந்தன. தமிழ் நோட்டைத் திறந்தேன். பக்கம் முழுக்க இடப்புறம் சிவப்பாக இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே கோடு காலியாக இருந்தது. என்னால் முடியவில்லை. மூடிவிட்டு இங்கிலீஷ் நோட்டைத் திறந்தேன். சுத்தமான பக்கம். எண்பத்தொரு வயது, எண்பத்தாறு வயது. அவர்களுக்குக் கீழே அப்பாவின் பெயரை இங்கிலீஷில் எழுதினேன். வயது ஐம்பத்தேழு. சீக்கு என்ற இடத்தில் முழங்கால் வலி என்று எழுதினேன்.

சத்தியத்தையும் மீறவில்லை, சாமியார் சொன்னதையும் தட்டவில்லை. சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக நினைப்பு. வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மே மாத முதல் வெள்ளி எங்கள் எதிர்வீட்டுக்குச் சாமியாரும் சிஸ்டரும் வந்தார்கள். அங்கே ஒரு பெண் பக்கவாதத்தில் கிடந்தாள். வேலை முடிந்து தெருவைக் கடக்கும்போது சிஸ்டர் எங்கள் வாசலில் நின்றார். தோளில் அந்தப் பை. நான் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கு எப்படி இருக்கு டீச்சர்? நான் வந்து பாக்கட்டுமா?"

"முழங்கால்தான் சிஸ்டர். இப்போ பரவாயில்ல. தூங்குறாரு."

அப்பா தூங்கவில்லை. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்துக்கொண்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தினேன். சிஸ்டர் நின்ற இடத்துக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவில் எட்டு அடி இருக்கும். அந்த எட்டு அடியை நான் பிறகு எத்தனையோ தடவை நடந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் வெள்ளி வந்தது. இங்கிலீஷ் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள். ரிட்டயரான டீச்சர், எழுபத்திரண்டு வயது, கவுனும் தொப்பியுமாகக் விறுவிறுவென்று நடப்பார். தன் நோட்டில் எங்கள் வீட்டு விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார், ஆனாலும் வந்தார். அப்பா போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாக நன்றி சொன்னார். ஜெபம் முடிந்தது. அந்த அம்மாள் பேழையை மூடிக் கைப்பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, இந்த அறையில் அழுகல் வாடை வருகிறது, யாரும் சொல்லவில்லையா என்று நேராகக் கேட்டார். நான் சாக்கடை என்று ஆரம்பித்தேன். அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, போர்வையின் முனையைப் பிடித்துத் தூக்கினார்.

அம்மா அழ ஆரம்பித்தார்.

ஆளனுப்பி சிஸ்டரை வரவழைத்தோம். தரையில் உட்கார்ந்து அப்பாவின் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார், எல்லா வீடுகளிலும் செய்வதுபோல. சாக்ஸை உருவியபோது அதோடு தோலும் வந்தது. அப்பா சீலிங் பேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு எதுவும் வலிக்கவில்லை. உள்ளங்காலில் ஒரு சல்லி அளவுக்கு ஆரம்பித்தது, மேலே கணுக்கால்வரை கறுத்திருந்தது. அம்மா மஞ்சளும் பச்சிலையும் வைத்துக் கட்டியிருந்தார். சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. கடைசியாக எப்போது இங்கே வந்தேன் என்று தனக்குள் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டார்.

"ரெண்டு வாரம் முன்னாடி வாசல்ல நின்னேன் டீச்சர். அன்னைக்குப் பாத்திருந்தா விரலோட போயிருக்கும்."

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த இரண்டு வாரத்தால் மட்டும்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். அது ஆறுதலாகத்தான் சொன்னது. எனக்கு ஆறுதலாக இல்லை.

அப்பாவைப் பார்க்க அவருடைய பழைய சூப்பர்வைசர் மல்லேஸ்வரத்திலிருந்து வந்தார். கன்னடக்காரர், அப்பாவின் வயதேதான், ஒரே வருஷம் ஒரே ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கும் சுகர் உண்டாம். தினமும் காலையில் வாக்கிங் போகிறாராம். சாத்துக்குடிப் பையை வைத்துக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து அழுதார். நல்ல மனிதர். அவர் படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தத்தை அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, அவர் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்திருந்தார், நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். பொறாமை இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் பொறாமையாக இருந்தது. அந்த மனிதரின் இரண்டு கால்களையும் பார்த்தபோது எனக்குள் எழுந்தது பொறாமைகூட இல்லை, வெறுப்பு. அதற்காகவும் வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டு, எந்த நோட்டில் எழுதினாய் என்று கேட்டார். அந்த அம்மாள் வந்த அன்றே அவர் கையிலிருந்த நோட்டை அப்பா பார்த்துவிட்டிருக்கிறார். இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தார். தொப்பி போட்ட அம்மாள் எதற்கு நம் வீட்டுக்கு வந்தாள் என்று யோசித்தேன், பிறகு புரிந்தது என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

"இங்கிலீஷ்ல எழுதிட்டா எமனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சியா, பாப்பா?"

கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதேன். என்னாலதான் அப்பா, என்னாலதான், என்று மட்டும் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்தார். பிரஸ் மிஷினில் நுனி போன விரல் என் முடிக்குள் தட்டுப்பட்டது. சத்தியம் வாங்கியது நான்தானே, அதில் பாதி என்னுடையது என்றார். பிறகு, இனிமேல் தமிழ் நோட்டிலேயே எழுதிவிடு, நம் ஜனங்களோடு இருக்கிறேன் என்றார். எழுதினேன். இங்கிலீஷ் நோட்டில் அவர் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். அந்த நோட்டில் சிலுவை இல்லாமல் முடிந்துபோன பெயர் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு எட்டு முதல் வெள்ளிகள் சிஸ்டர் வந்தார், மீதமிருந்த காலை மடியில் வைத்துப் பார்த்தார். ஒன்பதாவது வெள்ளிக்கு வேலை இல்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்து அப்பா பெயருக்குச் சிலுவை போட்டேன், பழகிய கை. சிலுவைக்கு விட்டிருந்த இடம் மிகச் சரியாக இருந்தது.

இன்னும் சில வருஷம் அந்த வேலையைச் செய்துவிட்டு, முடியாது என்று நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஊர் மாறிவிட்டது. லிங்கராஜபுரத்தில் மேம்பாலம் வந்தது, புதிதாக வந்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார்கள். பீன்யாவுக்குப் போகிறவர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தார். எனக்கு நாற்பத்தொரு வயதில் சுகர் வந்தது. நானும் வகுப்பில் நாள் முழுக்க நிற்கிறவள். மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொண்டேன். அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவள் அப்படியா செய்தாய் என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான் செய்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், "மேடம், நிம்ம சப்பலி" என்றாள். திரும்பினேன். பஸ் நிற்கும் இடத்தில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, என் இடது செருப்பு தனியாகக் கிடந்தது. அந்தப் பெண் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றாள். குனிந்து என் காலைப் பார்த்தேன். தார் ரோட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. காலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். இப்போது அந்த வேலையைச் செய்வது என்னிடம் கணக்கு படித்த பெண். மற்ற இரண்டு பட்டியலும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன, தமிழ் மட்டும் இன்னும் நோட்டில் இருந்தது. சிஸ்டரும் மாறிவிட்டார், இப்போது வருகிறவர் சின்னப் பெண், ஆனால் அதே பைதான் என்றாள். என் பெயரை எழுது, வருகிற முதல் வெள்ளி என் வீட்டுக்கு வரச் சொல் என்றேன்.

"நல்லா நடந்துதானே வந்தீங்க டீச்சர். அதுக்குள்ள எதுக்கு?" என்றாள். அவள் கண் நோட்டின்மேல் போய் மீண்டது. அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்.

"நடக்குறப்பவே எழுதும்மா. தமிழ் நோட்டுல எழுது."

எழுதினாள். வயது கேட்டாள். நாற்பத்தேழு என்றேன். பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. நோட்டைத் திருப்பிச் சரிபார்க்கக் கொடுத்தாள். எழுத்து சுத்தமாக இருந்தது, கோடு நேராக இருந்தது. என் பெயருக்கு இடப்புறம் ஒரு அங்குலம் ஓரம் விட்டிருந்தாள்.